குழிக்குள் இறங்கி வானம் பார்த்தவர்கள்

சிம்பாங் ரெங்கத்தில் விண்மீன் பார்க்க ஆசைப்படுகிறவருக்கு முதல் எதிரி மேகம். ஜோகூரில் குளுவாங் மாவட்டத்தைச் சேர்ந்த சின்னப் பட்டணம் இது; சுற்றிலும் செம்பனை, இடையிடையே அன்னாசி. நிலநடுக்கோட்டிலிருந்து இரண்டு பாகைகூடத் தள்ளியில்லை. வரைபடத்தை மட்டும் பார்த்தால் வானியலுக்கு இதைவிடத் தோதான இடம் அமையாது. வடக்கே சப்தரிஷி மண்டலம், தெற்கே தென்சிலுவை, இரண்டையும் ஒரே இரவில் பார்க்கலாம். ஆனால் மதியம் தாண்டினால் இடி முழங்குகிறது. வருடக் கடைசியில் வடகிழக்குப் பருவமழை வாரக்கணக்கில் வானத்தை மூடிவிடுகிறது. தப்பிப் பிழைத்த இரவுகளில் நெடுஞ்சாலை விளக்குகள் பாதி விண்மீன்களை அழித்துவிடுகின்றன.

அதனால்தான் மேகத்தைச் சட்டை செய்யாத வானியல் ஒன்று இருக்கிறது என்று படித்தபோது எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. அதற்கு மலையுச்சி வேண்டாம், தெளிந்த வானம் வேண்டாம், இருட்டக்கூட வேண்டாம்.

இந்த ஊரில் இரவு ஒரு மணி வாக்கில் சூரியன் எங்கே இருக்கிறது? நம் காலுக்குக் கீழே, பூமியின் மறுபக்கத்தில், ஈக்வடார் நாட்டின் அமேசான் காட்டுக்கு உச்சியில். அங்கே நண்பகல். அந்தக் காட்டில் விழும் வெயில் இலையோடு நின்றுவிடுகிறது. வெயிலோடு கூடவே கிளம்பிவந்த நியூட்ரினோ என்னும் துகள்கள் மட்டும் நிற்பதில்லை. காடு, பாறை, உருகிய இரும்பு, மறுபடி பாறை என்று பூமியை ஊடுருவி, ஒரு வினாடியில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் சிம்பாங் ரெங்கத்தின் தரைக்கு வந்து, கட்டிலையும் அதில் தூங்குகிறவரையும் கடந்து, கூரை வழியாக வெளியேறுகின்றன. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் வினாடிக்குச் சுமார் 6,500 கோடி. பகலில் மேலிருந்து கீழே, இரவில் கீழிருந்து மேலே. எண்ணிக்கையில் ஏறக்குறைய மாற்றமே இல்லை. அவற்றின் கண்ணுக்குப் பூமி என்று ஒன்று கிடையாது.

சூரியனின் நடுவயிற்றில் ஹைட்ரஜன் ஹீலியமாக மாறும்போது ஒளியும் நியூட்ரினோவும் சேர்ந்தே பிறக்கின்றன. ஒளிக்கு அங்கிருந்து வெளியே வருவது பெரும்பாடு. முட்டி, மோதி, திசை மாறி, மேற்பரப்பை எட்டப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. நியூட்ரினோ இரண்டு மூன்று வினாடியில் வெளியே வந்துவிடுகிறது. அடுத்த எட்டு நிமிடத்தில் இங்கே. இன்று நம் முற்றத்தில் துணி காயவைக்கும் வெயிலின் ஆற்றல், மனிதர் பயிர் செய்யக் கற்பதற்கு முன்பே சூரியனுக்குள் உண்டானது. அங்கே இப்போது என்ன நடக்கிறது என்று சொல்ல நியூட்ரினோவைத் தவிர வேறு சாட்சி இல்லை.

ஆனால் அந்தச் சாட்சி லேசில் வாயைத் திறக்காது. நம் உடலை வினாடிக்கு வினாடி லட்சம் கோடிக் கணக்கில் கடந்து போனாலும், வாழ்நாள் முழுக்கச் சேர்த்து ஒன்றோ இரண்டோதான் நம் உடலிலுள்ள ஓர் அணுவைத் தொடும். 1930-ல் இப்படி ஒரு துகள் இருக்க வேண்டும் என்று முதலில் சொன்ன வோல்ஃப்காங் பௌலிக்கே, கண்டுபிடிக்க முடியாத ஒன்றை முன்மொழிந்துவிட்டோமே என்ற சங்கடம் இருந்தது. இருபத்தாறு ஆண்டு கழித்து, 1956-ல், அமெரிக்காவில் ஓர் அணு உலைக்கு அருகே ஃபிரெடெரிக் ரைன்ஸும் கிளைட் கோவனும் அதைப் பிடித்தார்கள். அது உலையில் பிறந்த நியூட்ரினோ. வானிலிருந்து வருவதைப் பிடிக்க வேண்டுமானால் இன்னொரு தொல்லையைத் தாண்டியாக வேண்டும்.

அந்தத் தொல்லையை என்னிடம் படிக்கும் பிள்ளைகளுக்குக் கண்ணால் காட்ட முடிந்தது. கண்ணாடித் தொட்டி ஒன்று, அடியில் கறுப்புத் தகடு, அதன்கீழ் ட்ரை ஐஸ், மேலே ஆல்கஹாலில் நனைத்த பஞ்சு. மேக அறை என்று பெயர். விளக்கை அணைத்துவிட்டுப் பக்கவாட்டில் டார்ச் அடித்தால், தகட்டின்மேல் மெல்லிய மூட்டம் படியும். கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியாது. பிள்ளைகள் நெளிய ஆரம்பிப்பார்கள். பிறகு சட்டென்று ஒரு வெள்ளைக் கோடு, நூல் கனம், ஒரு விரல் நீளம், பார்த்துக்கொண்டிருக்கும்போதே கலைந்துவிடும். இன்னொன்று குறுக்கே. இன்னொன்று வளைந்து நெளிந்து. நேராகப் போகும் கோடுகளில் பல, மியூவான் என்னும் துகளின் தடம். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்று மண்டலத்தின் உச்சியில் மோதும்போது பிறந்து, ஓட்டையும் சுவரையும் தாண்டி இறங்குபவை. விரித்த உள்ளங்கை வழியாக வினாடிக்கு ஏறக்குறைய ஒன்று போய்க்கொண்டே இருக்கிறது. பாசார் மாலாம் இரைச்சலுக்கு நடுவே நின்று ஒரு சிள்வண்டைக் கேட்க முடியுமா? இந்த மியூவான்கள்தான் அந்த இரைச்சல். நியூட்ரினோ அந்தச் சிள்வண்டு. கேட்க வேண்டுமானால் இரைச்சல் எட்டாத இடத்துக்குப் போக வேண்டும். பூமிக்குள், பாறைக்குக் கீழே, வெகு ஆழத்துக்கு.

பேத்தியை அழைத்துப் போக வந்த பெரியவர் ஒருவர் கதவோரம் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். பால்மரம் வெட்டியே வயதைக் கழித்தவர்.

“எவ்வளவு ஆழம் போனாங்க, தம்பி?”

“ரெண்டு கிலோமீட்டருக்கு மேல, ஐயா. கோலார்ல, தங்கச் சுரங்கத்துல.”

“வெள்ளக்காரன் தோண்டுனதா?”

“வெள்ளக்காரன் தோண்ட வெச்சது.”

“அப்ப நம்மாளுதான் தோண்டியிருப்பான்” என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. பேத்தியின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார்.

நியூட்ரினோ பற்றி நான் படித்த எதிலும் அந்த வாக்கியம் இல்லை. ஆனால் அது சரி. 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனி இன்றைய கர்நாடகத்திலுள்ள கோலாரில் தங்கம் எடுக்கத் தொடங்கியபோது பாறைக்குள் இறங்கியவர்களில் பெரும்பகுதியினர் வட ஆர்க்காடு முதலான தமிழ்ப் பகுதிகளிலிருந்து பஞ்சத்துக்கும் பண்ணையடிமைக்கும் தப்பிப் போனவர்கள். அவர்களில் மிகப் பலர் ஒடுக்கப்பட்ட சாதிகளில் பிறந்தவர்கள். அதே காலகட்டத்தில் அதே ஜில்லாக்களிலிருந்து கப்பலேறியவர்கள் மலாயாவுக்கு வந்தார்கள். ஒரே ஊரின் ஒரு தெரு கோலாருக்கும் அடுத்த தெரு ஜோகூருக்கும் போயிருக்கக்கூடும். இங்கே வந்தவர்கள் விடியுமுன், குளிர்ச்சியில் பால் நன்றாக ஓடும் நேரத்தில், நெற்றியில் கார்பைட் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் நுழைந்தார்கள். அங்கே போனவர்கள் அதே கார்பைட் விளக்கோடு கூண்டில் ஏறிப் பாதாளத்துக்கு இறங்கினார்கள்.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போனது. அக்காலத்தில் உலகிலேயே மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று. அடியில் பாறையின் சூடு அறுபது பாகை செல்சியஸைத் தாண்டும்; காற்றைக் குளிர்வித்து உள்ளே அனுப்பினால்தான் மனிதர் நிற்க முடியும். மேலே அழுத்தும் மலையின் பாரம் தாங்காமல் பாறை தானாக வெடித்துச் சிதறும். அதில் செத்தவர்கள் உண்டு. கல்தூசி நுரையீரலில் படிந்து மெல்ல மெல்லச் செத்தவர்களும் பலர். இவர்களை வெறும் உழைப்புச் சக்தியாக மட்டும் நினைத்துவிடக் கூடாது. அயோத்திதாசர் சென்னையில் நடத்தி நின்றுபோன ‘தமிழன்’ இதழை 1926-ல் மறுபடி உயிர்ப்பித்து நடத்தியவர் கோலார் தங்கவயலின் ஜி. அப்பாதுரையார். சுரங்கத்திலிருந்து ஏறி வந்து, குளித்துவிட்டு, பௌத்தமும் பகுத்தறிவும் வாசித்த ஊர் அது. பா. ரஞ்சித்தின் ‘தங்கலான்’ வந்தபோது நம் பிள்ளைகள் கோலார் என்ற பெயரைக் கேட்டார்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் தங்கம் மட்டும் இருக்கவில்லை.

1950-களின் தொடக்கத்திலேயே டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் ஆட்கள் அந்தச் சுரங்கத்தில் கருவிகளோடு இறங்கிவிட்டார்கள். ஆழம் கூடக்கூட மியூவான் எப்படிக் குறைகிறது என்று அளப்பது நோக்கம். பி. வி. ஸ்ரீகண்டன் அப்போது இளைஞர். ஒவ்வொரு மட்டமாக இறங்கினார்கள். எண்ணிக்கை குறைந்துகொண்டே போனது. 1960-களின் தொடக்கத்தில் 2,760 மீட்டர் ஆழத்தில் கருவியை வைத்து இரண்டு மாதம் காத்திருந்தார்கள். ஒரு மியூவான்கூட வரவில்லை. வேறு ஆராய்ச்சியாக இருந்தால் இது தோல்விக் கணக்கு. இவர்களுக்கோ அந்தப் பூஜ்யம்தான் புதையல். இரைச்சல் முழுக்க அடங்கிய இடம் ஒன்று பூமியில் இருக்கிறது. அங்கே ஏதாவது கேட்டால், அது நியூட்ரினோ.

எம். ஜி. கே. மேனன், ஸ்ரீகண்டன், வி. எஸ். நரசிம்மம், பி. வி. ரமணமூர்த்தி ஆகியோரோடு ஜப்பானின் ஒசாகாவிலிருந்து மியாகேயும் இங்கிலாந்தின் டர்ஹாமிலிருந்து வுல்ஃபெண்டேலும் சேர்ந்துகொண்டார்கள். சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை நிறுத்தினார்கள். மேலிருந்து எதுவும் வர வழியில்லாத அந்த இடத்தில், பக்கவாட்டுப் பாறையிலிருந்து துகள் ஒன்று கிளம்பிக் கருவியைக் கடந்தது. காற்று மண்டலத்தில் பிறந்த நியூட்ரினோ ஒன்று பாறையில் மோதி உண்டாக்கிய மியூவான் அது. 1965 ஆகஸ்டில் அவர்களுடைய கட்டுரை அச்சாயிற்று. இரண்டே வாரத்தில் ரைன்ஸின் குழு தென்னாப்பிரிக்காவில் ஜொஹானஸ்பர்க் அருகே ஈஸ்ட் ராண்ட் தங்கச் சுரங்கத்தில் கண்டது வெளியாயிற்று. நிகழ்வை முதலில் பதிவு செய்தவர்கள் அவர்கள், அந்த ஆண்டு பிப்ரவரியில். முதலில் அச்சில் சொன்னது கோலார். யார் முந்தி என்று இன்றும் பேசுகிறார்கள். எனக்கு அந்தப் போட்டியில் அக்கறையில்லை. இரண்டும் தங்கச் சுரங்கம், இரண்டையும் தோண்டியவர்கள் தங்கள் சொந்த மண்ணில் கடைசி வரிசையில் நிறுத்தப்பட்டவர்கள். அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இந்தத் துறையின் புனிதத் தலங்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். ரேமண்ட் டேவிஸ் சூரிய நியூட்ரினோவுக்காகத் தொட்டி நிறையச் சலவைத் திரவத்தோடு காத்திருந்தது தெற்கு டகோட்டாவின் ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்தில். வர வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குதான் அவருக்குக் கிடைத்தது. மிச்சம் எங்கே என்ற புதிர் முப்பது ஆண்டு நீடித்தது. வழியிலேயே நியூட்ரினோ தன் வகையை மாற்றிக்கொள்கிறது என்று விடை சொன்னது கனடாவின் சட்பரி, நிக்கல் சுரங்கம். காற்று மண்டல நியூட்ரினோவிலும் அதே மாற்றம் நடக்கிறது என்று 1998-ல் அறிவித்தது ஜப்பானின் கமியோகா, துத்தநாகச் சுரங்கம். மூன்றுக்கும் நோபல் பரிசு வந்தது. வானத்தை அறியப் புறப்பட்டவர்கள் ஒவ்வொரு முறையும் சுரங்கத் தொழிலாளியின் வாசலில் போய் நின்றிருக்கிறார்கள்.

இதை நான் நன்றியுரை மாதிரிச் சொல்லவில்லை. கருவி அறிவியலின் பகுதி என்று ஒப்புக்கொள்கிறோம். அதைக் கட்டியவர் பெயர் கட்டுரையில் இடம்பெறுகிறது. கோலாரில் முதன்மையான கருவி மேலே நின்ற இரண்டு கிலோமீட்டர்ப் பாறை. அது இயற்கை தந்தது. அந்தப் பாறைக்குக் கீழே ஓர் ஆள் நிமிர்ந்து நிற்கக்கூடிய வெற்றிடம் இயற்கை தந்ததல்ல. அதைக் கை வெட்டியது, தலைமுறை தலைமுறையாக. அந்த வெற்றிடத்தை எடுத்துவிட்டால் 1965 ஆகஸ்ட் கட்டுரையில் ஒரு வரியும் மிஞ்சாது. நியூட்ரினோ ஊர் பார்த்து வருவதில்லை. அரண்மனைக்கும் லயத்துக்கும் ஒரே அளவில் வருகிறது. அது எல்லாருக்கும் வந்துகொண்டிருந்த செய்தி. அதை வாங்கிக்கொள்ள ஓர் இடம் தேவைப்பட்டது. அந்த இடத்தை உண்டாக்கியவர்களும் கண்டுபிடித்தவர்கள்தான்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் பொட்டிப்புரம். தேனி மாவட்டத்தில் போடி மேற்கு மலையைக் குடைந்து இந்திய நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 50,000 டன் காந்த இரும்பு அங்கே உட்கார வேண்டியது. கிராமத்தார் எதிர்த்தார்கள், வைகோ உள்ளிட்டோர் வழக்குப் போட்டார்கள், புலிகள் நடமாடும் வனத்தொடர் இது என்று தமிழ்நாட்டு அரசும் 2022-ல் உச்ச நீதிமன்றத்தில் எதிர்த்தது. வேலை நடக்கவில்லை. நியூட்ரினோவால் ஆபத்து என்று பரவிய பயத்துக்கு அடிப்படை இல்லை. அது பொட்டிப்புரத்தார் உடலில் ஆய்வகம் இல்லாமலேயே போய்க்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் மலைக்கும் நீருக்கும் காட்டுக்கும் என்ன ஆகும் என்ற கேள்வி நியாயமானது. அதை அறியாமை என்று ஒதுக்கிய படித்தவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. கோலார் அனுபவம் கையிலிருந்த நாடு அது. பாறையின் குணம் அறிந்தவர்கள், பாறைக்கு உறவினரைப் பறிகொடுத்தவர்கள், தமிழ் பேசுகிறவர்கள், அந்தத் தங்கவயலில் இன்னும் வாழ்கிறார்கள். 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடியபோது அவர்கள் வேலையிழந்து நின்றார்கள். அவர்களில் சிலரைத் திட்டத்தின் பங்காளிகளாகப் பொட்டிப்புரத்துக்கு அழைத்துப் போய், கிராமத்தாரோடு உட்காரவைத்திருக்கலாம். பேச்சு அப்போது வேறு மாதிரி தொடங்கியிருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதற்கிடையே உலகம் தண்ணீரையும் பனிக்கட்டியையும் பாறைக்குப் பதிலாகப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டது. தென்துருவத்தில் ஒரு கன கிலோமீட்டர் பனிக்குள் ஒளியுணரிகளைப் புதைத்த ஐஸ்கியூப் 2013 முதல் நம் சூரிய மண்டலத்துக்கு வெளியிலிருந்து வரும் நியூட்ரினோக்களை அறிவித்து வருகிறது. மத்தியதரைக் கடலில் சிசிலிக்கு அப்பால், 3,450 மீட்டர் ஆழத்தில் ஒளியுணரிகளைச் சரம் சரமாக நிறுத்தியிருக்கிறார்கள். அங்கே 2023 பிப்ரவரி 13 அன்று ஒரே ஒரு நியூட்ரினோ விட்டுச்சென்ற தடத்தை அலசி ஆராய ஏறக்குறைய இரண்டு ஆண்டு பிடித்தது. 2025 பிப்ரவரியில்தான் அறிவித்தார்கள். ஜெனீவாவின் மாபெரும் முடுக்கி ஒரு புரோட்டானுக்குத் தரும் ஆற்றலைப்போல் 30,000 மடங்குக்கும் மேல், அந்த ஒற்றைத் துகளிடம். எங்கிருந்து வந்தது? ஏதோ ஓர் அண்டத்தின் நடுவிலிருக்கும் கருந்துளை எறிந்ததா, வேறெதுவுமா, யாராலும் சொல்ல முடியவில்லை. பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் அவர்கள் முகம் மலர்கிறது. பெரியவர்களுக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது என்பதில் அவர்களுக்கு அப்படியொரு குதூகலம்.

நான் அவர்களோடு சேர்ந்து காத்திருப்பது இன்னொன்றுக்காக. 1987 பிப்ரவரி 23, மலேசிய நேரம் பிற்பகல் மூன்றரை மணி. நம் பால்வீதிக்குப் பக்கத்திலுள்ள பெரிய மெகல்லன் மேகத்தில், சுமார் 1,60,000 ஒளியாண்டு தொலைவில், வெடித்துப்போன ஒரு விண்மீனின் நியூட்ரினோக்கள் அந்த நேரத்தில் பூமியைக் கடந்தன. ஜப்பானில் அந்த மேகம் உதிப்பதே இல்லை. கமியோகாவின் தொட்டிக்கு அவை பூமியைத் துளைத்துக் கீழிருந்து வந்தன. ஜோகூருக்கு அவை தெற்குத் தொடுவானத்தை ஒட்டி, ஏறக்குறைய கிடைமட்டமாக வந்திருக்கும். தோட்டத்தில் ஸ்டோருக்குப் பால் நிறுத்துவிட்டு வீடு திரும்பியவர்களைக் குறுக்காகக் கடந்து போயிருக்கும். உலகத்தின் மூன்று கருவிகளில் சேர்ந்து பதிவானவை சுமார் இரண்டு டஜன். அவ்வளவு போதும், ஒரு விண்மீனின் நெஞ்சு எப்படி இடிந்து விழுகிறது என்ற கணக்கு சரி என்று தெரிந்துவிட்டது. கமியோகா கருவியைக் கட்டிய மாசதோஷி கோஷிபா அடுத்த மாதம் பணி ஓய்வு பெற இருந்தவர்.

நம் பால்வீதிக்குள்ளேயே ஒரு விண்மீன் வெடித்து மனிதர் வெறுங்கண்ணால் பார்த்துப் பதிவு செய்தது கடைசியாக 1604-ல். அடுத்தது எப்போது வேண்டுமானாலும் வரலாம். அதற்காகவும் ஜப்பானில் இன்னொரு குகை வெட்டியிருக்கிறார்கள். 600 மீட்டர் பாறைக்குக் கீழே, 69 மீட்டர் அகலம், 94 மீட்டர் உயரம். தோண்டும் வேலை 2025-ல் முடிந்தது. ஹைப்பர் கமியோகாண்டே என்று பெயர். அடுத்த விண்மீன் வெடிக்கும்போது, நியூட்ரினோ முதலில் வரும்; ஒளி விண்மீனின் மேலோட்டைக் கிழித்துக்கொண்டு சில மணி நேரம் கழித்தே புறப்படும். அந்த இடைவெளியைப் பயன்படுத்த உலகக் கருவிகளை இணைத்து ஓர் எச்சரிக்கை வலையமைப்பு இயங்குகிறது. ஒரே நேரத்தில் பல கருவிகளில் நியூட்ரினோ பதிந்தால், தொலைநோக்கிகள் திரும்புவதற்காக உடனே உலகெங்கும் மின்னஞ்சல் பறக்கும். அந்த மின்னஞ்சல் வானியலாளருக்கு மட்டும் உரியதன்று. விரும்பிய எவரும் தம் முகவரியைப் பதிந்துகொள்ளலாம். பெரியவரின் பேத்தி பதிந்திருக்கிறாள். இரண்டு வரிசை தள்ளி உட்காரும் பையன்களும். வீட்டில் கணினி இல்லாத ஒருத்தி தன் அண்ணனுடைய முகவரியைக் கொடுத்து, செய்தி வந்தால் நள்ளிரவானாலும் எழுப்பிவிட வேண்டும் என்று அவனிடம் சத்தியம் வாங்கி வைத்திருக்கிறாள்.